நாலு பேர் தூக்கிய நாற்காலி

“அண்ணி, காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க. திருப்பத்துல இடிச்சிடும்.”

இழுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டில், அந்தரத்தில், நாற்காலியோடு தொங்கிக்கொண்டிருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? முன்பக்கம் கொழுந்தனும் ஒரு லோடுமேனும் பிடித்திருந்தார்கள். பின்பக்கம் புருஷனும் இன்னொரு லோடுமேனும். அவள் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். இடுப்பைச் சுற்றி, பீரோவைக் கட்டுகிற அகலமான நாடாப்பட்டை.

அவர்கள் தூக்குகிற அழகைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு சாய்மானம் கிடையாது. திருப்பம் வந்தால் புருஷன் “ஹூம்” என்று ஒரு சத்தம் கொடுப்பார், நாலு பேரும் ஒரே நேரத்தில் அரையடி தூக்கி ஒரே நேரத்தில் திரும்புவார்கள். பின்னே, இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குடும்பம் செய்கிற தொழிலே அதுதானே. வீடு மாற்றுகிறவர்களின் சாமானைக் கட்டி, தூக்கி, வேனில் ஏற்றி, புது வீட்டில் இறக்கி வைப்பது. புருஷனை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். அவளை டேப்பக்கா என்பார்கள். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் ரோல் எந்நேரமும் அவள் மணிக்கட்டில் வளையலோடு வளையலாகக் கிடக்கும். கண்ணாடி, பீங்கான், விளக்கு எதுவானாலும் அவள் கட்டினால் கீறல் விழாது. ஆள் குறைந்த அன்று ஃபிரிட்ஜின் ஒரு முனையையும் பிடிப்பாள். “நகருங்கடா, பால் குடிச்ச பசங்களா” என்று லோடுமேன்களை விரட்டிவிட்டுப் பிடிப்பாள்.

அப்புறம் மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் நடந்தது, கீமோ ஓடியது. மூன்றாவது கீமோ முடிந்து வந்த அன்று கண்ணை இருட்டிக்கொண்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அது தேவைதான், அவளே நன்றியோடுதான் ஏறி உட்கார்ந்தாள். ஆனால் கீமோ முடிந்து, ரேடியேஷனும் முடிந்து, தலையில் ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைத்து, இனி தினம் ஒரு மாத்திரை போட்டால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகும் நாற்காலி போன பாடில்லை. எட்டு மாசம் ஆயிற்று. அந்த ஐம்பத்து நாலு படியில் ஒன்றின் மேலும் அவள் பாதம் படவில்லை.

“கடைசிப் படி… பார்த்து… இறக்கு.” மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “எப்படி? பூ மாதிரி இறக்கிட்டோம்ல?”

“நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் நேரம் வரலைங்க.”

“ச்சீ! நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?”

வரவில்லைதான். ஆஸ்பத்திரியில் அதைவிட மோசமான வார்த்தைகள் காத்திருந்தன.

எலும்புக்கு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், எலும்பு நன்றாக மெலிந்திருக்கிறது என்றார். கட்டி திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை உடம்பில் ஒரு ஹார்மோனைக் குறைக்கிறது, எலும்பைக் காப்பாற்றுவதும் அதே ஹார்மோன்தான், அதனால் இது எதிர்பார்த்ததுதான், ஆனால் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்றார். மாத்திரையை நிறுத்தக்கூடாது. கால்சியம் எழுதினார், ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி எழுதினார், கீழ்த்தளத்தில் பிசியோவைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “உடையுமா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார்.

“விழுந்தா உடையலாம். கவனமா இருங்க.”

அந்த ஒரு வார்த்தையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

பிசியோ பொண்ணு ஓட்டத்துக்குப் போடுகிற ஷூ போட்டிருந்தாள். அறையில் ரப்பர் பட்டைகளும், ஒற்றைப் படிக்கட்டு ஒன்றும், சின்னச் சின்ன எடைக்கட்டைகளும் கிடந்தன. டேப்பக்காவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, “கையை மார்ல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எந்திரிங்க பார்ப்போம்” என்றாள்.

இதென்ன பிரமாதம் என்று டேப்பக்கா எழுந்தாள். எழவில்லை. மறுபடி முயன்றாள். தொடை நடுங்கியதே தவிர, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் எழும்பி, பொத்தென்று விழுந்தாள். மேஸ்திரி பாய்ந்து வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டார்.

“சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க,” என்றாள் பிசியோ பொண்ணு.

கதவு சாத்தியதும் டேப்பக்கா தன் தொடையைப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் தூக்கிய தொடை. அவமானம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்திருந்தால் தேவலை, வந்தது கோபம்தான். யார் மேல் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

“வீடு எந்த மாடி அக்கா?”

“மூணாவது.”

“லிஃப்ட் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப தினம் படியேறி இறங்குவீங்க. நல்லதாப் போச்சு…”

“தூக்கிட்டு வருவாங்க.”

பிசியோ பொண்ணு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். “யாரு?”

“வீட்டுக்காரரு, கொழுந்தன், ரெண்டு லோடுமேன். நாற்காலியோட. எட்டு மாசமா.”

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்புறம் நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். “அக்கா, மாத்திரை எலும்பைக் கரைக்கும், உண்மைதான். ஆனா எலும்பு சும்மா இருந்தாலும் கரையும். நடந்தா, படி ஏறினா, எதையாவது தூக்கினா, எலும்பு மேல பளு விழும். பளு விழுந்தாத்தான் உடம்பு, சரி இது தேவைப்படுதுன்னு எலும்பைப் பிடிச்சு வச்சுக்கும். ட்ரீட்மென்ட் நடக்கிறப்பவே முடிஞ்ச அளவு நடக்கச் சொல்லித்தான் எல்லார்கிட்டயும் சொல்றோம். நீங்க எட்டு மாசமா எலும்புக்கு லீவு குடுத்திருக்கீங்க.”

“நான் குடுக்கலம்மா. அவங்க குடுத்திருக்காங்க.”

“யார் குடுத்தாலும் எலும்பு உங்களுது.”

அது சுருக்கென்று தைத்தது. டேப்பக்காவுக்கு யார் மேல் கோபம் என்பது அப்போது தெரிந்துவிட்டது. முதல் பங்கு தனக்குத்தான்.

பிசியோ பொண்ணு ஒரு தாளில் வரைந்து கொடுத்தாள். கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஒற்றைக் காலில் நிற்பது, தடுமாறாமல் இருக்கப் பழக. கையில் கொஞ்சம் கனம், ஆபரேஷன் பண்ணின பக்கம் மெதுவாகக் கூட்டணும், கை வீங்கினா நிறுத்திட்டு வந்து காட்டணும். படி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. “குனிஞ்சபடியே முதுகைத் திருப்பி எதையும் தூக்கக்கூடாது. உங்களுக்கு எலும்புக்குப் பரவல, ஸ்கேன் சுத்தமா இருக்கு, அதனாலதான் இவ்வளவு சொல்றேன். பரவினவங்களுக்கு வேற மாதிரி. பக்கத்து வீட்ல யாருக்காவது இந்தத் தாளைக் குடுத்துடாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரி தாளை வாங்கிப் பார்த்தார். வாசித்தார். மடித்து பீரோமேல் வைத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்? உடையிற சாமானை ஆட்டு, அசைங்கிறா. உடையிற சாமானை என்ன பண்ணணும்னு எங்களுக்கா தெரியாது?”

இங்கேதான் கோளாறே. இருபத்திரண்டு வருஷ அனுபவமும் அவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. உடையக்கூடியதா, சுற்று, கட்டு, நிமிர்த்தி வை, அசைக்காதே. மனுஷிக்கும் அதையே செய்தார்கள். மறுநாள் காலையில் டேப்பக்கா கண் விழித்தபோது வீட்டில் ஒரு முனை பாக்கியில்லை. மேஜை முனை, கட்டில் முனை, சமையல் மேடை விளிம்பு, வாஷ்பேசின், எல்லாவற்றிலும் கொழுந்தன் பபுள் ஷீட்டைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தான். ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, பக்கெட்டைப் பிடுங்கினாள். “குனியாதீங்கக்கா, நான் இருக்கேன்ல?” அவள் மணிக்கட்டில் பழுப்பு டேப் ரோல் கிடந்தது. பாக்கிங் வேலை இப்போது அவளுடையது. கெட்டவள் இல்லை. ஆனால் அந்த ரோலைப் பார்த்த டேப்பக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

“தண்ணி கூட நான் மொண்டு குடிக்கக் கூடாதா?”

“கேளுங்கக்கா, குடுக்கிறேன்.”

“மூச்சையும் நீயே விட்டுடு.”

ஓரகத்தி சிரித்துவிட்டாள், வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. மகள் வேறு வெளியூரிலிருந்து தினமும் போன் பண்ணி, “அம்மா, சும்மா உக்காந்திரும்மா, அதுவே எங்களுக்குப் பெரிய உதவி” என்பாள். ஆளாளுக்குத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். எதிரியாக இருந்தால் சண்டை போடலாம். கண்ணீரோடு தலையணை கொண்டுவருகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? போட்டால், “நோவு வந்ததுலேர்ந்து பாவம் அவளுக்குக் கோபம் ஜாஸ்தி” என்று அதற்கும் பரிதாபப்பட்டார்கள். அதுதான் அவளுக்குச் சகிக்கவேயில்லை.

எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். தாளை எடுக்க அவள் நாற்காலிமேல் ஏறவில்லை, நல்ல வேளை. துடைப்பக் குச்சியால் பீரோமேலிருந்த தாளைத் தள்ளி விழவைத்தாள். அப்புறம் பபுள் ஷீட்டுகளைப் பிய்த்தாள். ஒவ்வொரு குமிழாகப் பட் பட்டென்று நசுக்கினாள். அரை மணி நேரம் நசுக்கினாள். மனசு கொஞ்சம் ஆறியது.

முதல் நாள் கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. தலையணையைப் போட்டு உயரமாக்கி முயன்றாள். நாலாம் நாள் ஒன்று. “எந்திரிடி” என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள். பத்தாம் நாள் நாலு. சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்கினாள். ரெண்டு தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தூக்கினாள், ஆபரேஷன் பக்கம் பாதி பாட்டில். ஒற்றைக் காலில் நின்று, விழப்போய், மேடையைப் பிடித்து, மறுபடி நின்றாள். மூன்றாவது வாரம் கதவைத் திறந்து படியில் கால் வைத்தாள். கைப்பிடி இரும்பு ஜில்லென்று இருந்தது. நாலு படி இறங்கி, நாலு படி ஏறினாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ திருட்டுத்தனம் செய்தவள் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொந்தக் காலில் நடக்க ஒளிந்து ஒளிந்து நடக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் திரும்பவும் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இன்னும் நாலு படி.

ஏழாவது வாரத்தில், முதல் மாடி வரைக்கும் இறங்கிவிட்டாள். ஏறி வரும்போது இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று படியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. முதல் மாடியில் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

“அய்யய்யோ! விழுந்துட்டியாம்மா?”

“விழலீங்க. உக்காந்திருக்கேன்.”

“அப்படியே இரு, அசையாதே!”

வீட்டுக்காரம்மா போனை எடுத்துவிட்டாள். இருபதே நிமிஷத்தில் மொத்தப் படையும் வந்துவிட்டது. யாரோ ஒருவருடைய பீரோவை நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டு, அந்த வீட்டு மனுஷர் கத்தக் கத்த வேனைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்குள் டேப்பக்கா தானே ஏறி, வீட்டு வாசலுக்கு நாலு படி கீழே நின்றிருந்தாள். யார் கேட்டார்கள்? நாலு படிக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். நாலு படிக்கு நாடாப்பட்டை கட்டினார்கள். நாலு படிக்கு “ஹூம்” போட்டார்கள்.

“விடுங்க என்னை! நான் நல்லாத்தான் இருக்கேன்! காது கேக்குதா?”

“பேசாதே, மூச்சு வாங்கும்,” என்றார் மேஸ்திரி. கட்டிய நாடாப்பட்டை அவிழுமோ என்று மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். அவள் அதைப் பார்த்தாள், ஆனால் அன்றைக்கு இரக்கப்படுகிற நிலையில் அவள் இல்லை.

ரெண்டு நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே மேஸ்திரி சொன்னார். “ஒண்ணாம் தேதி வீடு மாத்துறோம்.”

“யார் வீட்ட?”

“நம்ம வீட்டத்தான். நம்ம குடோன் பக்கத்துல அந்த அறை சும்மாதானே கிடக்கு. வெள்ளையடிச்சாச்சு. குளிக்கிற இடத்துல கைப்பிடி வச்சாச்சு, வழுக்காத டைல்ஸ் போட்டாச்சு. ஒரு படி கூடக் கிடையாது. நீ பாட்டுக்கு ராணி மாதிரி உக்காந்திருக்கலாம். நாங்களும் பக்கத்துலயே இருப்போம்.”

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. “யாரைக் கேட்டு?”

“உன்னைக் கேட்டா வேணாம்னு சொல்லுவே.”

“ஓ. அது தெரிஞ்சுதான் கேக்கலையா?”

“உன் நல்லதுக்குத்தானே பண்றேன்!”

அந்த அறை அவளுக்கு நன்றாகத் தெரியும். குடோனுக்குப் போகிற சந்தில் நாள் முழுக்க லாரி. நடப்பதற்கு ஒரு முழம் இடம் கிடையாது. வாசலில் கால் வைத்தால் டயர் ஏறும். படியும் இல்லை, நடையும் இல்லை. அங்கே போய் உட்கார்ந்தால், அடுத்த வருஷம் எலும்பு ஸ்கேன் எடுக்கும்போது என்ன வரும் என்று அவளுக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. கட்டியிலிருந்து தப்பி வந்தவள், ஒரு வழுக்காத டைல்ஸில் இடுப்பு உடைந்து கிடப்பாள். எல்லாரும் சுற்றி நின்று, எவ்வளவு பார்த்துப் பார்த்து வச்சிருந்தோம் என்று அழுவார்கள்.

“குடோன்ல என்ன வைப்பாங்க? இப்போதைக்கு உபயோகமில்லாத சாமானை வைப்பாங்க. நான் அதுவா?”

“எதுக்கெடுத்தாலும் இப்படிக் குதர்க்கமாப் பேசினா நான் என்ன பண்றது?” மேஸ்திரி எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவரிடம் அதுதான் பெரிய ஆயுதம். கத்த மாட்டார், கை கழுவப் போய்விடுவார். முடிவு மட்டும் மாறாது.

அவளும் அதற்குப் பிறகு கத்தவில்லை. வீட்டுக்காரம்மா கண்ணில் படாமல் மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவிலேயே ஏறி இறங்கினாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, அப்புறம் நாலு. ஸ்டூலிலிருந்து கை கட்டிக்கொண்டு ஒன்பது தடவை எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஏதாவது சுற்றுவார்கள்.

ஒண்ணாம் தேதி வந்தது. ஊரார் வீட்டையெல்லாம் காலி பண்ணியவர்கள் தங்கள் வீட்டைக் காலி பண்ணினார்கள். ஓரகத்தி டேப் ஒட்டினாள், கோணல் மாணலாக. டேப்பக்கா பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். கட்டில் போயிற்று, பீரோ போயிற்று, பாத்திரப் பெட்டிகள் போயின. மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில் மிச்சம் அவளும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியும்தான். வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. ஐந்து மணிக்கு வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

கொழுந்தனும் லோடுமேன்கள் ரெண்டு பேரும் மேலே வந்தார்கள்; மேஸ்திரி கீழே வேனில் அவளுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார். கொழுந்தன் நாடாப்பட்டையை எடுத்தான்.

டேப்பக்கா கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், எழுந்து நின்றாள்.

“நாற்காலியை மட்டும் தூக்கிட்டுப் போ தம்பி.”

“அண்ணி, விளையாடாதீங்க. அண்ணன் வைவாரு.”

“வையட்டும். எம்மேல யாராவது கை வச்சீங்கன்னா, இந்தத் தெருவே கூடுற மாதிரி கத்துவேன். சொல்லிட்டேன்.”

அவள் முகத்தைப் பார்த்து லோடுமேன்கள் ரெண்டு பேரும் தாமாகவே ஒதுங்கி, வெறும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் கதவைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். இறங்கினாள். முன்னால் கொழுந்தன் பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு, “அண்ணி… அண்ணி…” என்று ஜெபித்துக்கொண்டே வந்தான். “நேராப் பார்த்து நட. நீ விழுந்து எம்மேல உருளப் போறே,” என்றாள். இரண்டாவது மாடி. முதல் மாடி. வீட்டுக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குக் கீழே பதினெட்டு படி. கடைசிப் படியில் இறங்கித் தெருவில் நின்றபோது ஓரகத்தி கை தட்டினாள். லோடுமேன்களும் தட்டினார்கள்.

மேஸ்திரி வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முன்சீட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று தலையணை. அவர் முகத்தில் பயம், பெருமை, எல்லாம் கலந்து கிடந்தது. கடைசியில், குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“சரி, சரி. ஆசை தீர்ந்துச்சா? வா, ஏறி உக்காரு.”

ஆசையாம். எட்டு மாசம் இழந்ததை ஒவ்வொரு படியாகத் திருடிச் சேர்த்தது ஆசையாம். டேப்பக்கா வேனைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். திரும்பி, இறங்கி வந்த படியிலேயே கால் வைத்தாள்.

“ஏய், எங்க போறே?”

“வீட்டுக்கு.”

“வீட்ல என்னடி இருக்கு? எல்லாம் வண்டியில இருக்கு!”

“நான் அங்கதான் இருப்பேன். வண்டியில இருக்கிறது எங்க வேணா போகட்டும்.”

ஒரே மூச்சில் ஐம்பத்து நாலு இறங்கி, ஐம்பத்து நாலு ஏறியதில்லை அவள். அவளுக்கு அது தெரியும். ஏறினாள். பின்னாலேயே மேஸ்திரி வந்தார், ரெண்டு கையையும் அவள் இடுப்புக்குப் பின்னால் ஏந்திக்கொண்டு.

“கையைக் கீழ போடுங்க.”

“விழுந்துடுவேடி.”

“கையைக் கீழ போடுங்கன்னேன்.”

போடவில்லை. முதல் மாடி தாண்டியது. தொடை எரிந்தது, மூச்சு இரைத்தது. நின்றாள், கைப்பிடியைப் பிடித்து மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மனுஷன் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவள் பார்க்காதது.

“உனக்கு உடைஞ்சா நான் என்னடி பண்ணுவேன்? ஆபரேஷன் எனக்குத் தெரியுமா, கீமோ தெரியுமா? அந்தக் கதவுக்கு வெளிய சும்மா உக்காந்திருந்தேன். எனக்குத் தெரிஞ்சது தூக்குறது ஒண்ணுதான். அதைத்தானே பண்ணினேன்?”

அவள் திரும்பினாள். இன்னமும் கோபமாகத்தான் இருந்தாள். ஆனாலும் அந்த விரித்த கைகளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“தெரியும். அதனாலதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க ஏன் இன்னும் கல்லு மாதிரி இருக்கீங்க? தினம் தூக்குறீங்க, அதனால. எனக்கு அதைக் குடுக்காம நீங்களே தூக்கித் தூக்கி, என்னைக் கரைச்சுட்டீங்க. அன்பாத்தான் பண்ணினீங்க. ஆனா கரைஞ்சது என் எலும்பு. அந்தக் குடோன்ல கொண்டுபோய் வச்சீங்கன்னா மிச்சமும் போயிடும். நான் பொழைச்சு வந்தது அதுக்கில்ல.”

அவள் மறுபடி ஏறத் தொடங்கினாள். நாலைந்து படி போனபின் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கை சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடி. இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். திறந்தாள். காலி வீட்டில் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் ரெண்டும் வெடவெடத்தது, ஆனால் நின்றது.

வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள். “என்னம்மா இது? சாவி குடுக்கலையா? வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கேனே?”

“வரட்டும். நாங்க இருக்கும்போதே அடிக்கட்டும். சுவர் எங்கயும் போயிடாது.”

வீட்டுக்காரம்மா மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி காலி அறையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார்.

“அத்தனையும் திரும்ப ஏத்தணுமேடி. மூணு மாடி. எல்லாருக்கும் முதுகு ஒடிஞ்சிடும்.”

“ஒடியாது. நல்லா ஸ்டிராங் ஆகும்.”

அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வெளியே போய்ப் படிக்கட்டுக் கைப்பிடிமேல் குனிந்து, கட்டடம் அதிரக் கத்தினார்.

“டேய் சின்னவனே! கயிறை அவிழ்டா!”

“என்னண்ணே?” என்று கீழேயிருந்து கொழுந்தன் குரல் வந்தது.

“அவிழ்டான்னா அவிழ். எல்லாம் மேல வரணும்.” அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், யாரோ தன்னோடு சண்டைக்கு வந்ததுபோல, இன்னும் உரக்கக் கத்தினார். “கனமில்லாத பெட்டியெல்லாம் தனியா ஒதுக்கி வை. யாரும் தொடக்கூடாது. அது உங்க அண்ணி தூக்கிட்டு வருவா.”